ராஜினாமா: சொல்லுக்குள் இருக்கும் சம்மதம்

ராஜினாமா என்றதும் ராஜா நினைவுக்கு வருகிறார். அரியணையை விட்டு இறங்குவதுபோலத் தோன்றுவதால் பலரும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். ராஜாவுக்கும் இதற்கும் உறவே இல்லை. சொல்லை ராஜி, நாமா என்று பிரிக்க வேண்டும். ராஜி அரபியில் பிறந்து பாரசீகம் வழியாக வந்தது. பொருள் இசைவு, சம்மதம். நாமா பாரசீகம், எழுதப்பட்ட ஏடு. வழக்கறிஞருக்கு நாம் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வக்காலத்துநாமாவில் இருப்பதும் இதுதான். ஆக, ராஜினாமா என்றால் சம்மதப் பத்திரம்.

சம்மதம் எப்படி விலகலாயிற்று? உருதுவில் இன்றும் இது சமரச ஒப்பந்தத்தைக் குறிக்கிறது. பதவி விலகலுக்கு அங்கே இஸ்திஃபா. பழைய பம்பாய் மாகாணத்தில் நிலத்தை விட்டுக்கொடுப்பவர் ராஜினாமா எழுதித் தருவார். அதை ஏற்பவர் கபூலியத் எழுதித் தருவார். 'மனமொப்பி விடுகிறேன்' என்னும் அந்தத் தாளில் பொருள் நகர்ந்த தடம் தெரிகிறது. மராத்தி, கன்னடம், தெலுங்கு எல்லாவற்றிலும் இப்போது விலகல் என்றே பொருள். மலையாளத்தில் வெறும் 'ராஜி' போதும். நம் ஊர்களில் சண்டை தீர்ந்து 'ராசியாகிவிட்டார்கள்' என்கிறோமே, அங்கே பழைய பொருள் உயிரோடு இருக்கிறது.

சட்டமும் அந்தச் சம்மதத்தைத்தான் கேட்கிறது. 1974இல் வந்த 33ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, உறுப்பினர் தாமாக விரும்பி எழுதிய கடிதம் அல்ல என்று அவைத்தலைவர் கருதினால் அதை ஏற்கக் கூடாது.

தமிழில் எப்படி எழுதுவது? 'இராசினாமா' என்று எழுத்தை மாற்றினால் சொல் தமிழாகிவிடாது. பதவி விலகல் என்பதே சரி. வேலையென்றால் பணி விலகல். பதவி வடசொல் என்று தயங்குவோர் பொறுப்பு விலகல் எனலாம், ஆனால் ஓரிடத்தில் அது இடறும். 1956 நவம்பரில் அரியலூர் அருகே ரயில் மருதையாற்றில் கவிழ்ந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுக்கொண்டு பதவி விலகினார். பொறுப்பை அவர் விடவில்லை, பதவியைத்தான் விட்டார்.

பதவி துறப்பு என்பதை எல்லோருக்கும் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. துறத்தல் பற்றை அறுப்பது. 1963 அக்டோபர் 2 அன்று, யாரும் இறங்கச் சொல்லாத நிலையில், கட்சிப் பணிக்காக முதலமைச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார் காமராசர். அதற்கு மட்டும் துறப்பு என்றே எழுதுவேன்.