சிவப்புப் பொட்டுக்கு முன்னால் ஒரு தாள்

கடற்கரையோர விடுதி ஒன்றின் வரவேற்பறையில் மாட்டுவதற்காக ஓர் ஓவியர் தம்முடைய 11 படங்களைக் கொடுத்திருந்தார். யாராவது விரும்பினால் விற்கலாம், இல்லாவிட்டால் சுற்றுலாப் பருவம் முடிந்ததும் எடுத்துக்கொண்டு போகலாம் என்பது வாய்ப்பேச்சு. பருவம் முடிவதற்குள் மேலாளர் மாறிவிட்டார். புதிதாக வந்தவருக்குச் சுவரில் தொங்குவதெல்லாம் விடுதியின் சொத்து. ஓவியர் என்னிடம் வந்தபோது அவர் கையில் இருந்த ஒரே ஆதாரம், முச்சக்கர வண்டியின் பின்னிருக்கையில் படங்களை அடுக்கிவைத்து எடுத்த ஒரு கைபேசிப் புகைப்படம். அதில் எண்ண முடிந்தவை 7. அந்த 7 மட்டுமே திரும்பி வந்தன.

திருகோணமலை டச்சுக்குடாவுக்குப் பக்கத்தில், வாடகைக்கு எடுத்த பழைய வீடொன்றில் சிறிய விற்பனைக் கலைக்கூடம் நடத்துகிறேன். சென்ற வருடம் நான்கு கண்காட்சிகள் வைத்தோம். வாசலுக்கு வருகிற பெற்றோர் இன்னமும் டிக்கெட் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். டிக்கெட் இல்லை அம்மா, இது கடை என்பேன். கொழும்பில் 2019 டிசம்பரில் திறக்கப்பட்ட நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் படங்களைக் காட்டும், விற்காது. நாங்கள் விற்பதற்காகவே காட்டுகிறோம். இந்த வேறுபாடு தெரியாமல்தான் பல இளம் கலைஞர்கள் படத்தைக் கொடுக்கிறார்கள். மாமா வீட்டில் பொருள் வைப்பதுபோல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எங்கள் ஆண்டுத் திட்டத்தை வகுப்பது நானல்ல, காற்று. வாடை பெயர்ந்து மழை ஓய்ந்த பிறகு, மாசி மாதத்தில் கதவைத் திறப்போம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளுக்கு வரும் கூட்டத்தில் ஒரு சிறு பங்கு எங்கள் பக்கமும் திரும்பும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறை உலை மாதிரி இருக்கும். ஐப்பசி தொடங்கினால் படங்களை இறக்கிவிடுவோம்.

முதல் கண்காட்சி மரச்செதுக்கு அச்சுகள்: பலகையில் செதுக்கி, மை தடவித் தாளில் அடித்தெடுக்கும் படங்கள். மட்டக்களப்பிலிருந்து வந்த தம்பி ஒவ்வொன்றிலும் 10 பிரதிகள் எடுத்திருந்தார். பென்சிலால் 1/10, 2/10 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். எல்லாம் விற்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பலகை இருக்கிறதே, இன்னும் அடிப்பேன் என்றார். கீழே இருக்கும் அந்தப் 10 ஒரு வாக்குறுதி. பதினோராவது தாளை எடுத்தால் முதலில் வாங்கிய பத்துப் பேரையும் ஏமாற்றியதாகும். அவர் இதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பலகையின் குறுக்கே உளியால் ஒரு கோடு கிழித்து, அந்தப் பலகையையும் சுவரில் மாட்டச் சொன்னார். பிரதிகளைவிட அதன் முன்னால்தான் மக்கள் அதிக நேரம் நின்றார்கள்.

இரண்டாவது கண்காட்சியில் தவறு என்னுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தங்கையின் பெரிய அக்ரிலிக் படங்கள் மே மாத வெயிலில் வான் வண்டியில் வந்தன. நான் அனுப்பியிருந்த காற்றுக்குமிழ் பிளாஸ்டிக்கை, நான் தொலைபேசியில் சொன்னபடி, குமிழ்கள் வர்ணத்தின் பக்கம் இருக்கும்படி சுற்றியிருந்தார்கள். அக்ரிலிக் காய்ந்த பிறகும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான், வெப்பத்தில் இளகும். உறையைப் பிரித்தபோது ஒரு படத்தின் நீலப் பரப்பு முழுவதும் வரிசை வரிசையாகச் சின்ன வட்டங்கள். அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “அண்ணா, என்னுடைய கடலில் இவ்வளவு கல்லையும் எறிந்தது யார்?” என்று கேட்டார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் படத்தின் விலை 90,000 ரூபாய். படத்தைக் கொடுக்கும்போது ஓவியரும் நாங்களும் கையெழுத்துப் போடும் ஒப்படைப்புத் தாளில், பொதி கட்டும் முறையை நாங்கள் சொல்லி நேரும் சேதத்துக்கும், கூடத்தில் நேரும் சேதத்துக்கும் ஓவியரின் பங்கை நாங்களே கட்டுவோம் என்று ஒரு வரி உண்டு. அவருடைய பங்கு நூற்றுக்கு 60. ஆகவே 54,000 ரூபாய் கொடுத்தேன். அந்த வரியை எழுதிய நாளில் அது என் தலையிலேயே விழும் என்று நினைக்கவில்லை. இப்போதெல்லாம் கேக் சுடும் தட்டில் விரிக்கும் சிலிக்கன் பூசிய தாளை முதலில் போர்த்துகிறோம். குமிழ்கள் வெளிப்பக்கம். கன்வஸைச் சுருட்டித்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் வர்ணம் வெளியே இருக்கும்படி, அகலமான குழாயில் சுற்ற வேண்டும். பலர் உள்ளே வைத்துச் சுற்றுகிறார்கள். அப்படிச் சுற்றினால் வர்ணம் நெருக்குண்டு மடியும்.

சரி, அந்தத் தாளில் வேறென்ன இருக்க வேண்டும்? முதலில் படங்களின் பட்டியல்: தலைப்பு, அளவு, ஊடகம், ஆண்டு, விலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு புகைப்படம். எப்போது வரை எங்களிடம் இருக்கும், விற்ற பணம் எத்தனை நாளில் வரும், பணம் கைக்கு வரும்வரை படம் யாருக்குச் சொந்தம் (ஓவியருக்கே). பிறகு கொமிஷன். உலகெங்கும் விற்பனைக் கூடங்கள் நூற்றுக்கு 40, 50 எடுப்பது வழக்கம். நாங்கள் 40 எடுக்கிறோம். அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு வாடகை, மின்சாரம், அழைப்பிதழ், திறப்பு விழாத் தேநீர் என்று கணக்குக் காட்டுவேன். ஆனால் ஓவியர் உண்மையில் ஏமாறுவது கொமிஷனில் அல்ல, வாங்குபவருக்கு விலையில் கொடுக்கும் கழிவில்.

100,000 ரூபாய்ப் படம் ஒன்று. வாங்குபவர் 10 வீதம் குறைக்கச் சொல்கிறார், 90,000க்கு விற்கிறது. கழிவை இருவரும் பகிர்ந்தால் கூடத்துக்கு 36,000, ஓவியருக்கு 54,000. பேசிவைக்காவிட்டால் கூடம் தன் 40,000ஐ முழுதாக எடுத்துக்கொண்டு 50,000ஐ நீட்டலாம். அதில் சட்டகத்துக்கு 9,000 கழித்தால் 41,000. பாதிக்கும் குறைவு. இதில் களவு எதுவும் இல்லை, முதலில் கேட்காததுதான் குற்றம். கழிவு கொடுக்கும் உரிமை யாருக்கு, எத்தனை வீதம் வரை, யார் பங்கிலிருந்து என்று மூன்று கேள்விகளையும் படத்தைக் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சிவப்புப் பொட்டு பற்றியும் சொல்ல வேண்டும். விற்றதற்கு அடையாளமாகப் பெயர்ச்சீட்டின் ஓரத்தில் அந்தப் பொட்டு விழுந்ததும் ஓவியர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துவிடுகிறார், அம்மா கோணேசருக்கு அர்ச்சனை செய்துவிடுகிறார். பொட்டு என்பது வாங்குபவர் சொன்ன வார்த்தை, அவ்வளவுதான். முற்பணம் வரும்வரை நான் அரைப்பொட்டுத்தான் ஒட்டுவேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஓர் அச்சை மூன்று தவணையில் வாங்கினார், ஒரு தவணையும் தவறவில்லை. திறப்பு விழாவில் உரத்த குரலில் மூன்று படங்களைக் கேட்டவர் பிறகு தொலைபேசியை எடுக்கவேயில்லை.

மூன்றாவது, புகைப்படக் கண்காட்சி. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நல்ல படங்கள், மோசமான விற்பனை. நான்காவது குழுக் கண்காட்சி: கிழிந்த வலை, உப்பு, வைக்கோல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு செய்த படைப்புகள். வைக்கோல் உருவத்தை விறாந்தையில் வைத்தோம். நம் ஊர் மான்கள் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளேயே இருப்பதில்லை என்பது ஊராருக்குத் தெரியும், எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். காலையில் உருவத்தின் இடது தோள் இல்லை. அதற்கு அந்தக் கலைஞர் இழப்பீடு கேட்கவில்லை. பெயர்ச்சீட்டில் ஊடகம் என்ற இடத்தில் “வைக்கோல், கயிறு, மான்” என்று மாற்றி எழுதினார். அதுவும் விற்கவில்லை. ஆனால் அதற்காக அவர் வரைந்த பென்சில் வரைவுகள் நான்கும் விற்றன.

விலையில் இன்னொரு சிக்கல். கொழும்பில் 1993 முதல் நடக்கும் கலா பொல போன்ற திறந்தவெளிச் சந்தைக்கு எங்கள் கலைஞர்கள் தாராளமாகப் போகட்டும், ஒரே நாளில் அத்தனை கண்கள் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் இங்கே 60,000க்குத் தொங்கும் படத்தின் உடன்பிறப்பை அங்கே 30,000க்குக் கொடுக்காதீர்கள். சென்ற வருடம் ஒருவர் கொடுத்தார். இங்கே வாங்கியவர் இரண்டையும் கைபேசியில் அருகருகே வைத்து எனக்குக் காட்டினார்.

முதலில் சொன்ன விடுதிக் கதைக்கு ஒரு வால் உண்டு. திரும்பி வராத நான்கில் ஒன்று அந்த விடுதியின் உணவுப் பட்டியல் அட்டையில் அச்சாகியிருந்தது, ஓவியரின் பெயர்கூட இல்லாமல். படம் எங்களுடையது, அச்சடித்தோம் என்றார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் படத்தின் உடைமை வேறு, பதிப்புரிமை வேறு. காசு கொடுத்து வாங்கியவருக்கே அச்சடிக்கும் உரிமை தானாகப் போய்ச் சேராது, அதை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஓவியரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 70 ஆண்டுகளும் அந்த உரிமை அவருடையது, அவர் வாரிசுகளுடையது. சட்டத்தரணியின் ஒரு கடிதம் போனதும் அட்டை மாறியது. நான்கு படங்கள் மட்டும் இன்னும் வரவில்லை.

மழை மாதங்களில் கண்காட்சி இல்லை, வேலை உண்டு. காற்றின் ஈரப்பதம் 65 வீதத்துக்கு மேல் நிலைத்து நின்றால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும், இங்கே கார்த்திகையில் அது சர்வசாதாரணம். படங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, வெளிச்சுவரில் படாமல், இடையில் காற்றுப் போக வைக்கிறோம். சட்டகத்தின் கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, நடுவில் அட்டை விளிம்பு வேண்டும். வீட்டில் படம் வைத்திருப்பவர்களுக்கும் இதே பேச்சுத்தான்.

இந்த வருட முதல் கண்காட்சிக்கு, உவர்மலையிலிருந்து ஒரு மாணவி ஆறு படங்களுடன் வந்தாள். தாளை நீட்டினேன். வழக்கமாக எல்லோரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போடுவார்கள். இவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப்போட்டு முதல் வரியிலிருந்து வாசித்தாள். பிறகு எழுந்துவந்து ஓர் இடத்தில் விரல் வைத்தாள். “60 நாட்களில் பணம் என்று போட்டிருக்கிறீர்கள் அண்ணா. வாங்குபவர் உங்களுக்கு அன்றைக்கே தந்துவிட்டால்?” என்றாள். பேனையை எடுத்து 60ஐ வெட்டி 30 என்று எழுதினேன். பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பம் வைத்தோம். அவள் தன் பிரதியிலும் அதேபோல் வெட்டச் சொன்னாள்.