வீசம் இரத்தம்

இரத்தம் ஏற்றிக்கொண்டால் கொடுத்தவரின் குணமும் கூடவே வந்துவிடுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வராது. பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் டிஎன்ஏ இருப்பது உட்கருவில்; நம் முதிர்ந்த சிவப்பணுக்களில் உட்கருவே இல்லை. வெள்ளையணுக்களில் டிஎன்ஏ உண்டு; ஆனால் அது முட்டைக்கோ விந்துக்கோ போய்ச் சேர்வதில்லை. பதில் அவ்வளவுதான். ஆனால் இதே கேள்வியை 19ஆம் நூற்றாண்டில் ஒருவர் முயல்களிடம் கேட்டிருக்கிறார். அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

உடலின் ஒவ்வொரு பகுதியும் நுண்துகள்களை வெளிவிடுகிறது, அவை திரண்டு பிள்ளைகளுக்குப் போகின்றன என்று 1868இல் டார்வின் எழுதினார். துகள்கள் பயணம் செய்ய இரத்தம்தானே வழி என்று நினைத்த அவருடைய உறவினர் பிரான்சிஸ் கால்டன், வெள்ளிச்சாம்பல் நிற முயல்களுக்கு வேறு நிற முயல்களின் இரத்தத்தை ஏற்றி இனப்பெருக்கம் செய்ய வைத்தார். குட்டிகளின் நிறம் மாறவில்லை. 1871இல் முடிவு வெளியானதும், இரத்தம் என்று தான் சொல்லவே இல்லை என்று டார்வின் நழுவிக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், 1883இல் ‘யூஜெனிக்ஸ்’ என்ற சொல்லை உருவாக்கி, ‘உயர்ந்த’ பரம்பரைகளைப் பெருக்க வேண்டும் என்று வாதாடியவரும் இதே கால்டன்தான். அவருக்குப் பின் வந்தவர்களோ முயல்களை அடியோடு மறந்தார்கள். நாஜி ஜெர்மனியின் 1935ஆம் ஆண்டு இனச் சட்டத்தின் பெயரிலேயே ‘ஜெர்மானிய இரத்தம்’ இருந்தது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பர்களின் இரத்தத்தை 1950 வரை தனியே பிரித்து வைத்தது. இரத்த வகைகளை லேண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது!

எனக்கு மிகவும் பிடித்த அபத்தம், வர்ஜீனியா மாநிலத்தின் 1924ஆம் ஆண்டுச் சட்டம். வேற்று இரத்தம் துளியும் கலக்காதவர் மட்டுமே வெள்ளையர் என்றது அது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: பதினாறில் ஒரு பங்கு வரை அமெரிக்கப் பழங்குடி இரத்தம் இருக்கலாம். நம் பழைய வாய்பாட்டில் அதற்கு வீசம் என்று பெயர்.

பரம்பரை அப்படி வீசக் கணக்கில் வருவதே இல்லை. அப்பா உங்களுக்குத் தருவது சரிபாதி, அதில் சந்தேகமில்லை. அவரிடம் டிஎன்ஏ இழையான ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு படிகளாக இருக்கிறது: ஒன்று தாத்தா தந்தது, ஒன்று பாட்டி தந்தது. விந்தணு உருவாகும்போது இந்த இரண்டும் அருகருகே படுத்து, ஒத்த இடங்களில் அறுந்து, குறுக்காக மாறி ஒட்டிக்கொள்கின்றன. ஒரு விந்தணுவுக்குச் சராசரியாக சுமார் 26 இடங்களில் இப்படி நடக்கிறது. முட்டையில் சுமார் 40. எங்கே அறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே தாத்தாவின் பங்கு மிகச் சரியாகக் கால் அல்ல. உங்களுக்கு 22 விழுக்காடும் உங்கள் தங்கைக்கு 28 விழுக்காடும் வந்திருக்கலாம். பாட்டியின் பங்கு அதற்கேற்பக் கூடும், குறையும்.

மேலே போகப் போக விளையாட்டு இன்னும் சுவையாகிறது. தலைமுறைக்குத் தலைமுறை மூதாதையர் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. இப்படி அறுந்து ஒட்டி உருவாகும் டிஎன்ஏ துண்டுகளோ அந்த வேகத்தில் பெருகுவதில்லை. பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள். அங்கிருந்து உங்களிடம் வந்து சேரும் டிஎன்ஏ துண்டுகள் ஏறத்தாழ 650. துண்டு குறைவு, ஆள் அதிகம். குடும்ப மரத்தில் முறைப்படி இடம்பெற்றிருந்தும் உங்கள் உடலில் ஒரு துண்டுகூட விட்டுச்செல்லாத முன்னோர் பலர் இருப்பார்கள்.

வர்ஜீனியாவின் விதிவிலக்கு யாருக்காக எழுதப்பட்டது தெரியுமா? 1617இல் இறந்த பழங்குடிப் பெண் போகஹாண்டஸின் வழித்தோன்றல்கள் என்று பெருமை பேசிய மேட்டுக்குடிக் குடும்பங்களுக்காக. அவர்களுக்கும் அவளுக்கும் இடையே ஏறக்குறைய பத்துத் தலைமுறை. அந்தக் கனவான்களில் யாரை எடுத்துக்கொண்டாலும், போகஹாண்டஸின் டிஎன்ஏ ஒரு துண்டுகூட இல்லாதவராக அவர் இருப்பதற்குக் கணிசமான வாய்ப்பு உண்டு.