20 பைட் பேக்கப்

டேட்டாபேஸ் பேக்கப் பற்றி விசாரித்தால் பல இடங்களில் வரும் பதில்: “கிரான்ல போட்டாச்சு சார், தினமும் ராத்திரி ஓடுது.” (கிரான் என்பது குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் வசதி.) சரி, அந்தப் பேக்கப்பிலிருந்து டேட்டாவை மீட்டு, அதாவது ரீஸ்டோர் செய்து, கடைசியாகப் பார்த்தது எப்போது என்று கேட்டால் அப்புறம் பேச்சே இருக்காது.

ஓடுவது வேறு, எடுப்பது வேறு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குப் பலரும் எழுதும் ஸ்கிரிப்ட், அதன் பேக்கப் கருவியான பிஜி டம்ப் தருவதை நேராகக் கோப்பைச் சுருக்கும் ஜிஜிப்புக்குப் பைப் செய்யும், அதாவது ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும். யாரோ பாஸ்வேர்டை மாற்றியதால் டம்ப் முதல் நொடியிலேயே விழுந்தாலும், ஜிஜிப் தன் வேலையை ஒழுங்காக முடித்துவிடும். கட்டளைகளை ஓட்டும் ஷெல் கணக்கில் எடுப்பது பைப்பின் கடைசிக் கட்டளையை மட்டும்தான். ஆகவே ‘வெற்றி’. அன்றைய தேதியோடு ஒரு கோப்பும் வந்து உட்கார்ந்திருக்கும். அளவு 20 பைட், உள்ளே ஒன்றுமில்லை. பைப்பில் எந்தக் கட்டளை விழுந்தாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயிலை ஸ்கிரிப்டின் தலையில் போட்டிருந்தால் அன்றே மாட்டியிருக்கும். ஏழு நாளுக்கு மேற்பட்ட கோப்புகளை அழிக்கும் வரியும் அதே ஸ்கிரிப்டில் இருந்துவிட்டால் இன்னும் மோசம்: அடுத்த வாரம் உருப்படியான பேக்கப் ஒன்றுகூட மிஞ்சாது.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப்பின் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடினால், அதைப் போட்டு வைக்கும் அமேசானின் எஸ்3 பக்கெட் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுத்த கருவியோ 9.2, தன்னைவிடப் புதிய சர்வரை அது தொடாது. பிழையைச் சொல்லக் கிரான் மின்னஞ்சல் அனுப்பத்தான் செய்தது; மின்னஞ்சல் அனுப்பியவர் உண்மையானவரா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் தேறாமல் அதுவும் திருப்பப்பட்டது. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டிஸ்க்கின் நகல்) காப்பாற்றியது. இத்தனையையும் அவர்களே விலாவாரியாக எழுதி வெளியிட்டார்கள். அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது.

அதனால் தோல்விக்கு மட்டும் மெயில் வரும்படி வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. வெற்றிக்குத் தகவல் வரட்டும். காலை ஆறு மணிக்குள் வராவிட்டால் வேறொரு கணினி அலாரம் அடிக்கட்டும். வாரம் ஒருமுறை தனி சர்வரில் ரீஸ்டோர் செய்து, நேற்றைய கடைசி பில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரில் உள்ள வெரிஃபைஒன்லி கட்டளை இதற்கு ஈடாகாது. அது கோப்பைச் சோதிக்கிறது, டேட்டாவை மீட்டுப் பார்ப்பதில்லை.

அப்படியே ரீஸ்டோருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கிட்லேப்பில் மெதுவான டிஸ்க்குகளால் நகலெடுக்கவே சுமார் 18 மணி நேரம் ஆனது.