சூட்டில் படுத்துவிடும் மிலிட்டரி ஜீப்: பெட்ரோலா, கரண்டா?

வேலூர் கத்திரி வெயிலில் பழைய மிலிட்டரி ஜீப் ஓட்டுபவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கும் வண்டி, அமிர்தி வரை போய் டீக்கடையில் நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது. அரை மணி நேரம் நிழலில் விட்டால் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிவிடும். உடனே பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைக் கழற்றத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். வண்டி நின்ற அந்தச் சூட்டிலேயே ஸ்பார்க் பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறிய பிறகு சோதித்தால் எல்லாமே ஒழுங்காகத்தான் இருக்கும், குற்றவாளி தப்பித்துவிடுவான்.

ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி, அதன் உடம்பை எஞ்சின் இரும்பில் படும்படி ரப்பர் பிடி போட்ட கொறடால் பிடித்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. பொறி நீலமாகச் சடசடத்தால் நல்லது. மஞ்சளாக, சோகையாக வந்தால் கோளாறு பெட்ரோலில் இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்தான் பாயிண்ட். அது மூடியிருக்கும்போது, வோல்ட்டை ஏற்றித் தரும் காயிலின் முதல் கம்பிச்சுற்றில் கரண்ட் ஓடி காந்தப்புலம் உண்டாகிறது. பாயிண்ட் திறந்ததும் அந்தப் புலம் சட்டென்று சரிவதால், இரண்டாம் கம்பிச்சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுகிறது. அந்தச் ‘சட்டென்று’ கிடைப்பது கண்டென்சர் என்ற சுண்டுவிரல் அளவு டப்பாவால். அது பழுதானால் பாயிண்டிலேயே பொறி பறக்கும், புலம் மெதுவாகச் சரியும், பிளக்குக்குப் போகும் வோல்ட் விழுந்துவிடும். உள்ளே இருக்கும் காப்பு சூட்டில் விட்டுக்கொடுத்து, ஆறியதும் தேறிவிடுவதுதான் இதில் உள்ள ஏமாற்று வேலை. காயிலும் இப்படியே செய்யும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாருங்கள்: பாயிண்ட் கருகி, ஒரு பக்கம் குழியும் மறு பக்கம் மேடுமாக இருந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். இரண்டாம் உலகப் போர் கால ஜீப்பான வில்லிஸ் எம்.பி.க்கு பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்.

கரண்ட் குறைய இன்னொரு காரணமும் உண்டு. 1941 முதல் 1945 வரை தயாரான அந்த வில்லிஸ் 6 வோல்ட் வண்டி. செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துருப்பிடித்த எர்த் இணைப்பில் 0.005 ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட் போய்விடும், அதாவது ஆறில் ஒரு பங்கு. 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிய கேபிளை மாட்டிவிட்டு “பேட்டரி வீக்” என்று புலம்புவது இங்கே ஷெட்டுக்கு ஷெட் நடக்கிறது.

கரண்ட் சரியாக இருக்கிறதா? இப்போது பெட்ரோலுக்கு வரலாம். பெட்ரோல் பல திரவங்களின் கலவை; அதன் இலகுவான பகுதிகள் 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதிக்கத் தொடங்கும். வில்லிஸில் பம்ப் எஞ்சினோடு ஒட்டி, எக்ஸாஸ்ட் இருக்கும் அதே பக்கத்தில் இருக்கிறது. பம்ப் உறிஞ்சும்போது அழுத்தம் குறைவதால் கொதிநிலை இன்னும் இறங்கும். பைப்பில் ஆவி அடைத்துக்கொண்டு பம்ப் வெறுமனே அடிக்கும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டதும் வண்டி எடுத்தால் இதுதான் காரணம். நேர்மாறாகவும் நடக்கலாம்: எஞ்சினை நிறுத்தியதும் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து உள்ளே வழியும். அப்போது பிளக் நனைந்திருக்கும், வாடை தூக்கும். சோக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள்.

ஸ்டார்ட் ஆகியும் திணறினால், ஐடிலில் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பாருங்கள். எந்த வயரைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யாதது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே அமுங்கும் அழுத்தம், குறைந்தால் பெரும்பாலும் எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்கும். நாலும் சேர்ந்து நடுங்கினால் கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டின் இணைப்பில் காற்று இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலும் ஒரு காரணம். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டின் பழைய அளவுக்குக் கலவை நீர்த்துப்போய் வண்டி தயங்கும். பம்பின் பழைய ரப்பர் சவ்வான டயாஃப்ரம் கெட்டு, பெட்ரோல் சத்தமில்லாமல் ஆயிலில் இறங்கவும் கூடும். டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் டயாஃப்ரத்தையும் ஆயிலையும் மாற்றும்வரை சாவியைத் தொட வேண்டாம்; நீர்த்த ஆயிலில் பேரிங் போய்விடும்.