கடவுச்சொல்லை அனுப்பாமலே காட்டும் வித்தை

சிசிடிவி கேமராவை வேறொரு நிறுவனத்தின் ரெக்கார்டருடன் இணைக்கும்போது, கடவுச்சொல் சரியாக இருந்தும் சில சமயம் 'அனுமதி இல்லை' என்றே வரும். கேமராவின் கடிகாரம் தவறாக ஓடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கடவுச்சொல்லைச் சரிபார்க்கக் கடிகாரம் எதற்கு?

வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று இணைவதற்கான ஆன்விஃப் தரத்தைப் பின்பற்றும் கேமராக்கள் சோப் எனப்படும் எக்ஸ்எம்எல் செய்திகளில் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தலைப்பகுதி, ஓர் உடல்பகுதி. தலைப்பகுதியில் பயனர் விவரத்தை எப்படி எழுதுவது என்பதை ஓயாசிஸ் அமைப்பு 2004இல் வெளியிட்ட டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி தரம் வகுத்துத் தந்தது. கடவுச்சொல்லை அப்படியே எழுதி அனுப்பலாம். இல்லாவிட்டால் அதன் 'டைஜஸ்ட்'டை அனுப்பலாம்.

டைஜஸ்ட் முறையில், அனுப்புகிறவர் முதலில் நான்ஸ் என்ற தற்செயல் பைட்டுகளை உருவாக்குகிறார். அதன் பின்னால் செய்தி உருவான நேரம், அதன் பின்னால் கடவுச்சொல். மூன்றையும் ஒட்டி ஷா-1 என்ற ஹேஷ் கணக்கில் (விடையிலிருந்து மூலத்தைத் திருப்பி எடுக்க முடியாத ஒருவழிக் கணக்கு) போட்டால் 20 பைட் கிடைக்கும். பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றும் பேஸ்64இல் எழுதினால் 28 எழுத்து. நான்ஸும் நேரமும் வெளிப்படையாகவே கூடப் போகும். கடவுச்சொல் மட்டும் போகாது. செய்தியைப் பெறும் சர்வர் (இங்கே கேமரா) தன்னிடம் உள்ள கடவுச்சொல்லை வைத்து அதே கணக்கைப் போட்டு ஒப்பிடும். இங்கே பலரும் சறுக்குவது நான்ஸில்தான்: அது செய்தியில் பேஸ்64 வடிவில் இருக்கும், ஆனால் கணக்கில் போட வேண்டியது அதைப் பிரித்த மூல பைட்டுகளை.

சரி, யாராவது அந்தச் செய்தியை நடுவழியில் பிடித்து மறுபடி அனுப்பினால்? வந்த நான்ஸ்களைச் சர்வர் நினைவில் வைத்து, இரண்டாம் முறை வந்தால் தள்ளிவிட வேண்டும். எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருக்க முடியாது என்பதால், பழைய நேரம் போட்ட செய்திகளையும் ஏற்கக் கூடாது. குறைந்தது 5 நிமிட வரம்பை அந்தத் தரம் பரிந்துரைக்கிறது. கடிகாரம் உள்ளே நுழைவது இப்படித்தான். கேமராவின் நேரத்தை மட்டும் லாகின் இல்லாமலே கேட்க ஆன்விஃப் இடம் கொடுத்திருப்பதும் இதற்காகத்தான். நல்ல மென்பொருள் முதலில் நேரத்தைக் கேட்டு, வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகே டைஜஸ்ட் போடும்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் இதன் விலையைப் பலர் கவனிப்பதில்லை. அதே கணக்கைப் போடச் சர்வரிடம் உண்மையான கடவுச்சொல்லே இருக்க வேண்டும். பிகிரிப்ட் போன்ற, வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்ட ஹேஷாக மட்டும் சேமித்திருந்தால் டைஜஸ்டைச் சரிபார்க்கவே முடியாது. அதாவது, வழியில் கடவுச்சொல்லைக் காப்பாற்றுவதற்காக வீட்டில் அதைத் திறந்துவைக்கிறோம். போதாக்குறைக்கு ஷா-1 மிக வேகமானது. செய்தியைப் பிடித்தவர் தன் கணினியிலேயே கோடிக்கணக்கான கடவுச்சொற்களை ஊகித்துப் பார்க்கலாம். டைஜஸ்ட் செய்தியின் உடல்பகுதியையும் காப்பதில்லை. நடுவில் இருப்பவர் தலைப்பகுதியை அப்படியே விட்டுவிட்டுக் கட்டளையை மட்டும் மாற்றிவிட முடியும்.

ஆகவே புதிதாகச் சேவை எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது: டிஎல்எஸ் என்ற மறையாக்க இணைப்புக்குள் கடவுச்சொல்லை நேராக அனுப்புங்கள், சர்வரில் மெதுவான ஹேஷாக மட்டும் வையுங்கள். அப்புறம் சர்வர் தன் செயல்பாடுகளைப் பதியும் லாக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். பிழை தேடுவதற்காக முழுச் சோப் செய்தியையும் எழுதச் சொல்லியிருந்தால், தலைப்பகுதியில் வந்த கடவுச்சொல்லும் அங்கே பச்சையாகக் கிடக்கும். எழுதுவதற்கு முன்பே அந்தப் பகுதியை மறைக்கும்படி நிரலில் ஏற்பாடு செய்யுங்கள். சர்வருக்கு முன்னால் நின்று டிஎல்எஸ்ஸைப் பிரித்து உள்ளே அனுப்பும் புராக்ஸி என்ற இடைநிலைச் சர்வரின் லாக்கையும் விட்டுவிடாதீர்கள்.