தரங்கம்பாடி கோட்டைச் சுவரில் சாவியை வைக்காதீர்கள்

தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையின் உட்சுவர் ஒன்றில் மறுபடியும் இரண்டு பெயர்கள், நடுவே ஓர் இதயம். அரை விரற்கடை ஆழம். வண்டிச் சாவியால் கீறியிருக்க வேண்டும். ஆணியால் கீறினால் கோடு இவ்வளவு அகலமாக வராது. பழங்கட்டடங்களில் சுண்ணாம்புக் காரை வேலை பார்க்கும் பொறியாளர் நான். கீறல்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன். ஆனால் இந்த முறை என்னை எழுத வைத்தது, பக்கத்தில் குடும்பத்தோடு நின்றிருந்த ஒருவர் சொன்ன சமாதானம்: “இதெல்லாம் இப்போது பூசியதுதானே சார்? இன்னொரு தடவை பூசிவிட்டால் போயிற்று.”

இதே சமாதானத்தைப் பல கோட்டைகளில் கேட்டுவிட்டேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு, ஓவே கெட்டே என்ற டேனிஷ் கடற்படைத் தளபதி எழுப்பத் தொடங்கிய கோட்டை இது. 1845இல் டென்மார்க் இந்த ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது. பிற்காலத்தில் பயணியர் விடுதியாக இருந்து, 1970களின் இறுதியில் தமிழகத் தொல்லியல் துறையின் கைக்கு வந்து அருங்காட்சியகமானது. 2000களின் தொடக்கத்தில் டென்மார்க்கிலிருந்து கிடைத்த உதவியோடு பழுதுபார்க்கப்பட்டது. சுவர் மழமழவென்று இருப்பதைப் பார்த்துத்தான் எல்லாமே புதிது என்று முடிவுகட்டுகிறார்கள்.

பழுதுபார்ப்பது என்றால் பழையதை உடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று யார் சொன்னது? எங்கள் வேலையின் முதல் விதியே, உறுதியாக இருப்பதைத் தொடாதே என்பதுதான். சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவோம். வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் ஓசை வந்தால், அந்த இடத்தில் காரை செங்கல்லைவிட்டுப் பிரிந்திருக்கிறது என்று பொருள். அந்த அளவுக்கு மட்டும் வெட்டி எடுத்துப் பூசுவோம். பிரியாத பூச்சு எத்தனை பழையதானாலும் அப்படியே இருக்கும். எனவே ஒரே சுவரில் ஒரு சாண் அகலத்துக்குப் புதுக் காரையும், அதை ஒட்டிப் பல தலைமுறைக்கு முந்தைய காரையும் கலந்து கிடக்கும். மேலே வெள்ளையடித்த பிறகு, தொழில் தெரிந்தவர்களே உற்றுப் பார்த்தால்தான் எது எதுவென்று சொல்ல முடியும். நீங்கள் எதன் மேல் கீறுகிறீர்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

சரி, புதுப் பூச்சின் மேலேயே கீறியதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் அடி வாங்குவது உள்ளே இருக்கும் பழைய செங்கல்தான். கடலோரக் கோட்டை இது. காற்றிலும் உப்பு, தரையிலிருந்து ஏறும் ஓதத்திலும் உப்பு. சுவருக்குள் போன ஈரம் காரை வழியாகத்தான் வெளியேறுகிறது. போகிற போக்கில் உப்பைக் காரையிலேயே விட்டுவிட்டுப் போகிறது. உப்புப் பூத்துக் காரை உதிரும். உதிரட்டும். செங்கல்லுக்குப் பதிலாகத் தான் உதிர்வதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. அந்தத் தோலைக் கிழித்துவிட்டால் மழையும் உப்புக் காற்றும் நேராகச் செங்கல்லுக்குப் போகின்றன.

“அப்படியானால் சிமென்ட் பூசிவிடுங்களேன், கெட்டியாக இருக்குமே” என்பது அடுத்த அறிவுரை. கெட்டியாக இருப்பதுதான் கேடு. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உப்பு பின்னால் செங்கல்லுக்குள்ளேயே படிந்து அதை மாவாக்கிவிடும். முன்னொரு காலத்தில் நல்லெண்ணத்தோடு போட்ட சிமென்ட் பூச்சுகளைப் பெயர்த்திருக்கிறேன். வெளியே கல்போல் இருக்கும்; உள்ளே செங்கல்லைக் கையாலேயே அள்ளலாம்.

மறுபடி பூசுவதும் லேசான காரியமில்லை. கீறலுக்குள் சாந்தை அப்பினால் அது ஒட்டாது. சுற்றிலும் சதுரமாக வெட்டி எடுக்க வேண்டும். அதாவது உங்கள் ஒரு கோட்டுக்காக, கெடாமல் இருந்த பழைய காரையையும் நாங்கள் இழக்கிறோம். சுண்ணாம்பை நீற்றி நாள்கணக்கில் ஊற வைத்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பதம் பார்த்து, ஒரு பூச்சு இறுகியபின் அடுத்தது என்று போக வேண்டும். வெயில் படாமல் ஈரச்சாக்கு போட்டுக் காக்க வேண்டும். இந்தக் கைப்பதம் தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள். வயதான ஒரு கொத்தனார் நாள் முழுக்கக் கரணையைத் தேய்த்து மெருகேற்றிய சுவரில், மறுநாளே ஒருவர் தம் பெயரை எழுதிவைப்பதைப் பார்த்திருந்தால் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

கீறாதவர்களும் கெடுக்கிறார்கள். எண்ணெய் வைத்த தலையைச் சுவரில் சாய்த்துப் படம் எடுக்காதீர்கள். அந்தக் கறை எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மேலே எழும்பி வரும். வெற்றிலைச் சுண்ணாம்பு விரலைச் சுவரில் துடைக்காதீர்கள். மதில் ஓரத்தில் சிறுநீர் கழிப்பவர்களுக்கு ஒரு சொல்: அதில் இருப்பதும் உப்புதான், கடல் உப்பைப் போலவே அதுவும் செங்கல்லை அரிக்கிறது. சுவரில் முளைத்த அரசங்கன்றைக் கண்டால் நல்லது செய்வதாக நினைத்துப் பிடுங்காதீர்கள். வேர் உள்ளே நின்றுவிடும், காரைதான் பெயர்ந்து வரும். காவலரிடம் சொல்லுங்கள், போதும்.

கைப்பிடிச் சுவரில் ஏறிக் கால் தொங்கப்போட்டு உட்காரவே கூடாது. மழைக்குப் பிறகு அங்கே பாசி வழுக்கும்; கடற்காற்றும் விட்டுவிட்டுப் பலமாக அடிக்கும். கரையோரக் கருங்கற்களின் மேலும் குழந்தைகளை ஓடவிடாதீர்கள். அருகிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையே இந்தக் கடல் கொண்டுபோயிருக்கிறது. தின்பண்ட உறைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கீழே போட்டால் காற்று கடலுக்குத்தான் கொண்டுபோகும்.

சட்டமும் இருக்கிறது. தரங்கம்பாடிக் கோட்டை மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. செஞ்சி, வேலூர் போன்ற மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள கோட்டைகளைச் சேதப்படுத்தினால், மத்திய அரசின் பழங்காலச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தத்தின்படி 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் ஒவ்வொரு அறையிலும் ஒரு காவலரை நிறுத்த முடியாது.

சுற்றுலா அழைத்துவரும் ஆசிரியர்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கோட்டை வாசலில் வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு வரலாறு சொல்வதற்கு முன், பஸ்ஸிலேயே காம்பஸ், பேனா, சாவி எல்லாவற்றையும் ஒரு பையில் வாங்கி வைத்துவிடுங்கள். உள்ளே போனதும் கீறல் இல்லாத சுவர் ஒன்றைக் காட்டி, பிள்ளைகளை உள்ளங்கையால் ஒரே ஒரு முறை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உச்சி வெயிலிலும் அது குளுகுளுவென்று இருக்கும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.