கூடாரத்துக்குள் வந்த தலைவலி

அக்டோபர் பாதி ஆனதும் எங்கள் மருத்துவமனையின் வண்டி நிறுத்துமிடம் ஆரஞ்சு நிறத்துக்கு மாறிவிடும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் துப்பாக்கியோடு எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகிறவர் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் கண்கூசும் ஆரஞ்சு அணிந்திருக்க வேண்டும், தலையிலும் அதே நிறத்தில் தொப்பி வேண்டும் என்பது சட்டம். 2016 முதல் அடர் இளஞ்சிவப்பும் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள். அதை அணிந்து வந்த ஆண் ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

ராக்கி மலைத்தொடரின் மேற்குப் பக்கம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர் மருத்துவமனையில் அவசரப் பிரிவு மருத்துவராக இருக்கிறேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பிறந்து வளர்ந்த நமக்கு வேட்டை என்ற சொல்லே சற்று உறுத்தும். எனக்கும் உறுத்தியது. ஆனால் இங்கே அது அனுமதிச் சீட்டு, எண்ணிக்கை, பருவம் என்று அரசு கணக்கு வைத்து நடத்தும் காரியம். அதன் சரி தவறைத் தீர்ப்பது என் வேலையும் இல்லை. மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரப்படுகிறவரைப் பார்ப்பதுதான் என் வேலை.

எல்க் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களிடம், நம் கடமானை இன்னும் பெரிதாக்கி, கழுத்தில் கருஞ்சடை வைத்து, பின்புறத்தை வெளிர் நிறமாக்கிக் கொள்ளுங்கள் என்று சொல்வேன். வெளிறிய பின்புறம் என்பதுதான் 'வாப்பிட்டி' என்ற அதன் ஷானி பழங்குடிப் பெயருக்கும் பொருள். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். இந்த எடையை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள். கரடி கடித்தவர்கள் வருவார்களா? குண்டு தவறிப் பட்டவர்கள் வருவார்களா? கரடி கடித்து என்னிடம் ஒருவரும் வந்ததில்லை. குண்டுக் காயம் எப்போதாவது. தோலை உரிக்கும்போது தன் கையையே அறுத்துக்கொண்டவர்கள் வருவார்கள், அதுவும் இருட்டிய பிறகு, விரல் மரத்த நிலையில். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள். தலைவலி என்று மட்டும் ஒருவரும் தானாக வரமாட்டார். அதனால்தான் தலைவலியைப் பற்றி எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் முதல் துப்பாக்கிப் பருவத்தின் மூன்றாம் நாள் காலையில் ஒரு பிக்கப் வண்டி நேராக அவசரப் பிரிவின் வாசலுக்கே வந்து நின்றது. முன் இருக்கையில் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் கண் திறந்தபடி சாய்ந்திருந்தார். பெயரைக் கேட்டால் சொன்னார். என்ன கிழமை என்று கேட்டால் சிரித்தார். ஓட்டி வந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. பின் இருக்கையில் இன்னும் இருவர், இருவருக்கும் குமட்டல்.

மொத்தம் ஆறு பேர். மிசௌரியின் சமவெளியிலிருந்து பதின்மூன்று மணி நேரம் மாறி மாறி ஓட்டி வந்து, அன்று மாலையே 3,000 மீட்டர் உயரத்தில் கூடாரம் அடித்திருக்கிறார்கள். முதல் இரவே பனி கொட்டியது. காலையில் எழுந்தால் ஐந்து பேருக்குத் தலைவலி.

அந்தக் காலையில் கூடாரத்துக்குள் நடந்த பேச்சை அவர்கள் பிறகு எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். ஒருவர், நேற்று இரவு குடித்த விஸ்கி என்றார். ஒருவர், மலை உயரம், இரண்டு நாளில் பழகிவிடும் என்றார். ஒருவர், தண்ணீர் போதவில்லை என்று ஆளுக்கொரு பாட்டிலை நீட்டினார். மூன்றுமே நியாயமான காரணங்கள், அதில்தான் ஆபத்து இருந்தது. குழுவில் ஒருவர், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை மருந்துக்கடையில் வாங்கிக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொருவராக விரலை வைத்துப் பார்த்தார்கள். 92, 93, 91. அந்த உயரத்தில் நல்ல எண்கள்தான். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

ஏன் கிளம்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பருவம் ஐந்தே நாள். அதற்கான சீட்டு குலுக்கலில்தான் கிடைக்கும். வெளிமாநிலத்தவருக்கு அதன் விலை 700 டாலருக்கும் மேல். விடுப்பு, எரிபொருள், வீட்டில் வாங்கிய அனுமதி எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு நாளை இழக்க யாருக்கு மனம் வரும்? ஆறு பேர் சேர்ந்து வந்த இடத்தில் "எனக்கு முடியவில்லை" என்று முதலில் சொல்கிறவர் மற்ற ஐவரின் நாளையும் கெடுத்தவராகிவிடுவார். குழுவாகப் போவது பாதுகாப்பு என்று நாமே அறிவுரை சொல்கிறோம். வாயைத் திறக்கவிடாததும் சில நேரம் அதே குழுதான்.

மேலே ஏறி நடந்தார்கள். பத்து மணி வாக்கில் தலைவலி எல்லோருக்கும் போய்விட்டது. பார்த்தாயா, பழகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

இங்கேதான் ஒரு நொடி நிற்க வேண்டும். மலை உயரத்தால் வரும் தலைவலி, தூங்கிய இடத்தைவிட இன்னும் மேலே ஏறி மூச்சுமுட்ட நடந்தால் கூடத்தான் செய்யும், மூன்று மணி நேரத்தில் கரைந்து போகாது. கூடாரத்தை விட்டு வெளியே வந்ததும் குறைந்து, திரும்பி வந்து தூங்கி எழுந்ததும் ஏறும் தலைவலி என்றால் காரணம் மலையில் இல்லை, கூடாரத்துக்குள் இருக்கிறது.

இரண்டாம் நாள் மாலை, முன் இருக்கையில் சாய்ந்து வந்த அந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரர் கணுக்காலைப் பிசகிக்கொண்டு எல்லோருக்கும் முன்பே கூடாரத்துக்குத் திரும்பியிருக்கிறார். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று. புரோப்பேன் கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்து, காற்று உள்ளே வருகிறதே என்று காற்றுப்போக்கித் துணியையும் இழுத்துக் கட்டிவிட்டார். மேலே கேன்வாஸ் மீது ஒரு முழப் பனி, ஓரங்களில் கதவிடுக்கு வரை பனி. பஞ்சு திணித்து அடைத்த பெட்டிபோல ஆகியிருக்கிறது கூடாரம். மற்றவர்கள் உள்ளே இருந்தது ஏழு மணி நேரம், இவர் பதினான்கு.

ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின் 27 சதவீதம். சாதாரண மனிதருக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும், புகைப்பவருக்குக் கொஞ்சம் கூடுதல். அதாவது அவருடைய ஹீமோகுளோபினில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஆக்ஸிஜனுக்குப் பதிலாகக் கார்பன் மோனாக்சைடைச் சுமந்துகொண்டிருந்தது. ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் வாயு அது. நிறமில்லை, மணமில்லை. விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டர் இரண்டு ஒளிக்கற்றைகளை வைத்துக் கணக்கிடுவதால், கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்ஸிஜன் ஏறியதாகவே எண்ணிவிடுகிறது. அந்த 93-ஐ நம்பித்தான் ஐந்து பேரும் நிம்மதியடைந்தார்கள். தோல் செர்ரிப் பழம்போலச் சிவக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். உயிரோடு வந்த ஒருவரிடமும் அதைப் பார்த்ததில்லை. இவரும் வெளிறித்தான் இருந்தார்.

வாயு கீழே தங்கும், கட்டிலில் உயரமாகப் படுத்தால் தப்பித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை வேட்டைக்காரர்களிடம் இருக்கிறது. கசியும் புரோப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும், அது உண்மை. கார்பன் மோனாக்சைடு காற்றின் எடையை ஒட்டியது. கூடாரம் முழுக்க சமமாகக் கலந்துவிடும்.

விறகு அடுப்பும் புகைக்குழாயும் உள்ள பெரிய கேன்வாஸ் கூடாரக்காரர்கள், இது கேஸ்காரர்களின் பிரச்சினை என்று நினைக்கக்கூடும். புகைக்குழாயின் உச்சியில் பொறி பறக்காமல் தடுக்க ஒரு வலைமூடி இருக்குமே, அதில் இரண்டு மூன்று நாளில் கரிப்பிசின் அடைந்துவிடும். இரவில் விறகு மெதுவாக எரியட்டும் என்று காற்றை வேறு குறைத்துவைப்பார்கள். புகைக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் உள்ளேதான் திரும்பும். நம் ஊரிலும் கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்காத செய்தி நாளிதழ்களில் வந்திருக்கிறது. எரியும் பொருள்தான் வேறு. அமெரிக்காவில் தீ விபத்துகளைச் சேர்க்காமலே ஆண்டுக்கு 400 பேருக்கு மேல் இந்த வாயுவால் தற்செயலாக இறக்கிறார்கள். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் எழுபது சதவீதம்தான். அங்கே நெருப்புக்கும் மூச்சுத் திணறுகிறது, அரைகுறையாக எரிகிறது.

முகமூடி வழியாக நூறு சதவீத ஆக்ஸிஜன் கொடுத்தோம். வெறும் காற்றில் நான்கைந்து மணி நேரம் எடுத்துப் பாதியாகும் வாயு, இதில் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். இதயத் தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும் டிரோப்போனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறியிருந்தது. மயக்கம், இதயம் இரண்டும் சேர்ந்ததால் உயரழுத்த ஆக்ஸிஜன் அறை இருக்கும் நகர மருத்துவமனைக்கு அனுப்பினோம். பனிமூட்டத்தில் ஹெலிகாப்டர் எழும்பவில்லை, ஆம்புலன்ஸில் சாலை வழியாகவே போனார். பிழைத்தார். ஆனால் இந்த வாயு போகும்போது ஒரு கடனை வைத்துவிட்டுப் போவதுண்டு. சில நாள் முதல் சில வாரம் கழித்து மறதி, எரிச்சல், நடையில் தடுமாற்றம் என்று அது வசூலுக்கு வரும். அவருக்கு மறதி வந்தது. கணக்கு எழுதும் வேலைக்குத் திரும்ப ஐந்து மாதம் ஆனது என்று பின்னர் அறிந்தேன்.

நான் இதைச் சொன்னேன் என்பதற்காக மலை உயரத்தை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2,500 மீட்டருக்கு மேல் ஒரே நாளில் வந்து இறங்கினால் தலைவலி, குமட்டல், சோர்வு வருவது இயல்பு. ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தீரும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, வறட்டு இருமல் வந்தால் அது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. பெரும்பாலும் இரண்டாம் இரவுக்குப் பிறகு வரும், 'சளி பிடித்திருக்கிறது' என்ற பெயரில். குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் மூளை வீங்குகிறது என்று பொருள். இந்த இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, இரவோடு இரவாக இறக்க வேண்டும். உயரத்துக்கு உடல் பழக உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையைப் புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதைவிட மலிவான வழி, வரும் வழியில் 1,600 மீட்டரில் இருக்கும் டென்வரில் ஓர் இரவு தங்குவது.

அந்த 300 கிலோவுக்கு வருகிறேன். சுட்டு வீழ்த்திய எல்க்கை அப்படியே இழுத்து வர முடியாது. அங்கேயே சப்பை சப்பையாகப் பிரித்துச் சட்டமிட்ட பையில் கட்டி முதுகில் சுமப்பார்கள். எலும்போடு ஒரு பின்சப்பை முப்பது கிலோ வரை இருக்கும். ஆண்டு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தவர் அதைத் தூக்கிக்கொண்டு முழங்கால் பனியில் மூன்று கிலோமீட்டர், நான்கைந்து நடை. மிச்சிகனில் மான் வேட்டைக்காரர்கள் 25 பேருக்கு இதயத் துடிப்புக் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, 10 பேருக்கு டிரெட்மில் சோதனையில் எட்டிய உச்சத்தையும் வேட்டையின்போது துடிப்பு தாண்டியிருந்தது. அது சமவெளி, சிறிய மான். நாற்பத்தைந்தைக் கடந்தவர்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் ஆகஸ்டிலேயே இதயத்தைக் காட்டிவிட்டு, முதுகில் இருபது கிலோவோடு படியேறிப் பழகிவிட்டு வாருங்கள். துப்பாக்கிக்கு மட்டும் ஜூலையிலிருந்து குறி பார்த்துப் பழகுகிறீர்கள் அல்லவா.

குளிரைப் பற்றி ஒரே ஒரு சொல்: வியர்வை. ஏறும்போது நனைந்த பருத்தி பனியன், உட்கார்ந்ததும் எமனாகும். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுங்குவதை நிறுத்தினால் அது நல்ல செய்தி இல்லை.

அவர்களில் ஆறாவது ஆளை மறந்துவிட்டேனோ என்று நினைக்க வேண்டாம். தலைவலியே வராதவர் அவர்தான், வண்டி ஓட்டி வந்த மைத்துனர். முதல் இரவே அவருடைய குறட்டை தாங்காமல் மற்ற ஐவரும் அவரை வண்டியில் போய்ப் படுக்கச் சொல்லித் துரத்திவிட்டார்கள். அவமானத்தில் எஞ்சினைக்கூட ஓடவிடாமல், நல்ல தூங்கும் பைக்குள் சுருண்டு தூங்கியிருக்கிறார். புகைக்குழாயைப் பனி மூடிய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டிருந்தால் அவர்தான் முதலில் போயிருப்பார். மூன்றாம் நாள் காலை, எழுப்பியும் எழாத அத்தானை அவரும் இன்னொருவரும் தூக்கி வந்து வண்டியில் கிடத்தியிருக்கிறார்கள். "எல்லோருக்கும் தலைவலி, உங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று நான் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, "நான் அவர்களோடு படுக்கவில்லை, டாக்டர்" என்றார். ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே எனக்கு விடை கிடைத்த இடம் அது.

மற்ற இருவரையும் படுக்கவைத்து ஆக்ஸிஜன் மாட்டிய பிறகு, கூடாரத்தில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களே என்று நினைவு வந்து ஷெரிப் எனப்படும் உள்ளூர்க் காவல் அதிகாரியின் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தோம். மீட்புக் குழுவினர் போவதற்குள் அந்த இருவரும் ஹீட்டரை அணைத்து வெளியே நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களாகக் கண்டுபிடிக்கவில்லை. சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது.

மாலையில் மைத்துனர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். மேலே மரத்தில் இரண்டு சப்பைகள் தொங்குகின்றன, இந்த மாநிலத்தில் உண்ணத்தக்க கறியை வீணாக விட்டுவிட்டு வருவது குற்றம், போய் எடுத்து வரலாமா என்று கேட்டார். போகலாம் என்றேன். ஊர்க் கடைத்தெருவில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஒரு பெட்டித் தோட்டாவைவிடக் குறைவான விலை. இரண்டு வாங்கினார். இரவு கூடாரத்தில் படுப்பீர்களா என்று கேட்டதற்கு, வண்டியே போதும் என்றார்.